வலி வந்தபோது மட்டும் தெரிந்த கட்டி: சிறுகுடல் சொருகல் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர், ஊர், அடையாளம் தரக்கூடிய விவரங்கள் எதையும் சேர்க்கவில்லை. நான் மாவட்ட அளவிலான ஒரு மருத்துவமனையில் பொது அறுவை மருத்துவராக இருக்கிறேன். இந்த அம்மாவின் நோயைக் கண்டுபிடிக்க 11 மாதம் ஆனது. அதில் கடைசி 6 வாரம் எங்கள் கணக்கில் சேரும்.

பின்னணி

வயது 43. பள்ளிச் சமையல்கூடத்தில் வேலை. இரண்டு பிள்ளைகள். சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் கிடையாது. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை தவிர வயிற்றில் வேறு கத்தி பட்டதில்லை.

தொப்புளைச் சுற்றித் திடீரென்று ஒரு வலி வரும். பிழிந்து எடுப்பதுபோல ஏறி, 20 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, வந்ததுபோலவே போய்விடும். சில நேரம் வாந்தி. அடுத்த வலி நாலு நாளில் வரலாம், மூன்று வாரமும் ஆகலாம். இடைப்பட்ட நாட்களில் அரிசி மூட்டையைக்கூட இழுத்துப் போடும் அளவுக்கு நன்றாக இருப்பார். "வயித்துக்குள்ள ஏதோ உருண்டு வந்து நிக்குது டாக்டர். கொஞ்ச நேரம் கழிச்சு அதுவா அவுந்துக்கும்" என்று என்னிடம் சொன்னார். உள்ளே நடந்ததை இதைவிடச் சரியாக எந்த அறிக்கையும் சொல்லவில்லை.

முதல் ஏழு மாதம்

முதலில் வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர், வெந்தயம். பிறகு அல்சர் என்று சொல்லி அமிலம் குறைக்கும் மாத்திரை. பூச்சி மாத்திரையும் இரண்டு முறை கொடுத்திருக்கிறார்கள். உடல் வெளிறத் தொடங்கியதும் ரத்தம் பார்த்தார்கள்: ஹீமோகுளோபின் 8.1. மாதவிலக்கு அதிகம் போகிறதோ என்று கேட்டு இரும்புச்சத்து மாத்திரை எழுதியிருக்கிறார்கள். மாதவிலக்கு வழக்கம்போலத்தான் இருந்தது என்று அவர் சொன்னது சீட்டில் இல்லை.

இந்தக் காலத்தில் மூன்று வெவ்வேறு இடங்களில் ஸ்கேன் எடுத்திருந்தார். மூன்றுமே வலி இல்லாத நாட்களில் எடுத்தவை. இரண்டில் எதுவும் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைப் பதிவு செய்ய வேண்டும். நாலாவது மாதத்தில், நள்ளிரவில் வலி தாங்காமல் துடித்தபோது, பக்கத்துத் தெருவில் குடலேத்தம் எடுக்கிற பாட்டி ஒருவரைக் கூட்டி வந்திருக்கிறார்கள். அவர் விளக்கெண்ணெய் தடவி வயிற்றை நீவியபோது கையை நிறுத்திவிட்டு, "உள்ள ஒரு உருண்டை கெடக்கு தாயி, இத நான் தொடமாட்டேன், ஆஸ்பத்திரிக்குப் போ" என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் மருத்துவமனைக்குப் போனபோது வலியும் இல்லை, உருண்டையும் இல்லை. வயிறு மிருதுவாக இருப்பதாக மருத்துவர் எழுதியிருக்கிறார். அவர் எழுதியதும் உண்மை, பாட்டி சொன்னதும் உண்மை. வலி நேரத்தில் அந்த வயிற்றின் மேல் கை வைத்தது அதுவரை அந்தப் பாட்டி ஒருவர்தான்.

காசநோய் மருந்து

மூன்றாவது ஸ்கேனில் சிறுகுடலின் கடைப்பகுதியில் சுவர் சற்றே தடித்திருப்பதாகவும், சில நெறிகள் (நிணநீர் முடிச்சுகள்) வீங்கியிருப்பதாகவும் வந்தது. உடலில் அழற்சி இருந்தால் கூடும் இ.எஸ்.ஆர். என்ற ரத்த அளவு 48. காசநோய்க்காகத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ சோதனையில் தடிப்பு 18 மில்லிமீட்டர். எடை 4 கிலோ குறைந்திருந்தது. நம் ஊரில் இந்த நாலையும் ஒன்றாகப் பார்த்தால் எந்த மருத்துவருக்கும் மனதில் முதலில் வருவது குடல் காசநோய்தான். வயிற்றுக் காசநோய் அதிகம் பிடிக்கும் இடமும் சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் அந்த முனைதான். ஆகவே அந்த எண்ணத்தைத் தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் திசு எடுத்துப் பார்க்காமலே மருந்து தொடங்கப்பட்டது. ஊரில் பெரியவர்களில் ஏராளமானோருக்கு மாண்டூ தடிக்கும். என்றைக்கோ கிருமி உள்ளே போயிருக்கிறது என்பதற்குத்தான் அது சாட்சி.

ரிஃபாம்பிசின், ஐசோனியசிட், பைரசினமைடு, எத்தாம்புட்டால் நாலும் சேர்ந்த மாத்திரை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதைப் பார்த்து ரத்தம் என்று பயந்து இரண்டு நாள் மருந்தை நிறுத்தியிருக்கிறார். பிறகு ஒழுங்காகச் சாப்பிட்டார். 10 வாரம் கழித்தும் வலி போகவில்லை. வாந்தி கூடியது, அதை மருந்தின் பக்கவிளைவு என்று எடுத்துக்கொண்டார்கள். எடை இன்னும் 2 கிலோ குறைந்தது. வேலை செய்யும் இடத்தில் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்துவிட்டார்கள். குடல் காசநோய் தட்டில் ஒட்டிப் பரவுவதில்லை என்று அங்கே எடுத்துச் சொல்ல யாரும் இல்லை. இதைச் சொன்னபோது மட்டும்தான் அவர் என் முன்னால் அழுதார்.

எங்களிடம் வந்தபோது

எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்த அன்று வலி இல்லை. வயிறு மிருது. ஹீமோகுளோபின் 7.4, சிவப்பணுக்களின் அளவு சிறிது, உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6, மிகக் குறைவு. ரத்தம் மெதுவாக எங்கோ கசிகிறது என்பது இதிலேயே தெரிந்தது. மலத்தில் மறைந்த ரத்தம் இருந்தது. இரைப்பை எண்டோஸ்கோப்பி இயல்பு. கொலனோஸ்கோப்பியில் பெருங்குடல் முழுவதையும், சிறுகுடலின் கடைசி 10 சென்டிமீட்டரையும் பார்த்தோம். புண் இல்லை, சுருக்கம் இல்லை. அங்கிருந்து எடுத்த திசுவில் காசநோய் அடையாளமும் இல்லை.

காசநோய் சந்தேகம் அப்போதே பாதி கலைந்திருக்க வேண்டும். எங்களுக்குக் கலையவில்லை. "10 வாரம் மருந்து சாப்பிட்டதில் ஆறியிருக்கலாம்" என்று நினைத்தோம். சி.டி. ஸ்கேன் எடுத்தோம், அதுவும் வலி இல்லாத நாளில், குடலை விரிக்கும் திரவம் குடிக்க வைக்காமல். குறிப்பிடும்படி எதுவும் இல்லை என்று அறிக்கை வந்தது. மருந்தைத் தொடரச் சொல்லி அனுப்பினோம்.

பிற்பாடு, கட்டி இருந்த இடம் தெரிந்த பிறகு, அதே படங்களைக் கதிரியக்க மருத்துவரோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். வலது அடிவயிற்றில் சுருங்கிக் கிடந்த ஒரு குடல் வளையத்துக்குள் உருண்டையாக ஒரு நிழல் இருந்தது. மூடிக்கிடந்த வளையம் என்று யாரும் கடந்துபோகும் நிழல்தான். ஆனாலும் அது இருந்தது.

இரைப்பைக்கும் பெருங்குடலுக்கும் நடுவே இருக்கும் சிறுகுடல்தான் எங்கள் துறையின் இருட்டறை. செரிமானப் பாதையின் நீளத்தில் முக்கால் பங்கு அதுதான், ஆனால் அங்கே கட்டி வருவது அபூர்வம். மேலிருந்து போகும் குழாயும் கீழிருந்து போகும் குழாயும் அதன் இரு ஓரங்களை மட்டும் தொடும். கேப்சூல் கேமராவை விழுங்க வைக்கலாமா என்று பேசினோம். அடைப்பு இருக்கும் என்று சந்தேகம் உள்ளவருக்குக் கேப்சூல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதனால் வேண்டாம் என்று விட்டோம். இந்த ஒரு முடிவு சரியாக அமைந்தது.

போகும்போது எங்கள் பயிற்சி மருத்துவர் ஒருவர் அவருடைய சீட்டின் பின்பக்கம், "வலி வந்தால் எந்த நேரமானாலும் உடனே வரவும். வந்ததும் ஸ்கேன்" என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார். அப்படி எழுதும்படி அந்தப் பயிற்சி மருத்துவரிடம் யாரும் சொல்லவில்லை. தானாகத் தோன்றி எழுதியது.

அந்த வியாழக்கிழமை இரவு

6 வாரம் கழித்து, இரவு ஒன்பதரை மணிக்கு, அந்தச் சீட்டைக் கையில் பிடித்தபடி ஆட்டோவில் வந்து இறங்கினார். நேராக நிற்க முடியவில்லை. முழங்காலை மார்போடு சேர்த்துக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் சுருண்டு கிடந்தார். தொப்புளுக்கு வலப்பக்கம் நீளவாக்கில், கொழுக்கட்டை அளவுக்கு ஒரு திரட்சி கைக்குத் தட்டுப்பட்டது. பணியில் இருந்த மருத்துவர் ஊசி போடும் முன்பே ஸ்கேன் கருவியை இழுத்து வந்து வைத்துப் பார்த்தார்.

திரையில் வட்டத்துக்குள் வட்டம். பெரிய வெங்காயத்தைக் குறுக்கே வெட்டிவைத்ததுபோல அடுக்கடுக்காக. குடல் சொருகல் இப்படித்தான் தெரியும். சட்டையைக் கழற்றும்போது கைப்பகுதி உள்பக்கமாக இழுபட்டு மடங்குமே, அதுபோலக் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் புகுந்துவிடுகிறது. படத்தைச் சேமித்துவிட்டு எனக்கு போன் செய்தார். நான் வந்து சேர்ந்தபோது அவரை சி.டி. அறைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வலி பாதியாகக் குறைந்திருந்தது. இன்னும் அரைமணி தாமதித்திருந்தால் அன்றைக்கும் ஒன்றும் இல்லை என்றுதான் வந்திருக்கும்.

சி.டி.யில் சிறுகுடலுக்குள் சிறுகுடல் 8 சென்டிமீட்டர் நீளத்துக்குச் சொருகியிருந்தது. அதன் நுனியில் 4 சென்டிமீட்டர் கட்டி ஒன்று. கொழுப்பின் அடர்த்தி இல்லை, அதனால் கொழுப்புக் கட்டி கிடையாது. அதற்கு மேல் படம் எதுவும் சொல்லவில்லை.

எடுத்த முடிவுகள்

குழந்தைகளுக்கு வரும் குடல் சொருகல் பெரும்பாலும் காரணம் புலப்படாமல் வரும், காற்றோ திரவமோ செலுத்தியே பிரித்துவிடலாம். பெரியவர்களுக்கு அப்படி விடக் கூடாது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இழுத்துக்கொண்டு போகும் ஏதாவது ஒன்று நுனியில் இருக்கும். பெருங்குடலில் என்றால் அது புற்றாக இருக்கும் வாய்ப்பு அதிகம். சிறுகுடலில் பெரும்பாலும் தீங்கற்றது. ஆக, அறுவை வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எப்போது, எப்படி என்பதில்தான் பேச்சு.

இரவு 2 மணிக்கு வலி முழுதும் அடங்கியது. காய்ச்சல் இல்லை, வயிறு இறுகவில்லை, நாடி 88. குடல் அழுகத் தொடங்கியதற்கான அடையாளம் எதுவும் இல்லாததால் அவசரமாகத் திறக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். மறுநாள் 2 யூனிட் ரத்தம் ஏற்றினோம். காசநோய் மருந்தை நிறுத்தி வைத்தோம். திசுவில் காசநோய் தெரிந்தால் மட்டும் திரும்பத் தொடங்குவது என்று முடிவெடுத்து அதைக் கோப்பிலேயே எழுதினோம்.

பெரிய நகரத்துக்கு அனுப்பி, சிறுகுடலுக்குள் நீண்டு போகும் எண்டோஸ்கோப்பி வழியாகக் கட்டியை எடுக்க முடியாதா என்று அவருடைய மகன் கேட்டார். நியாயமான கேள்வி. கட்டி 4 சென்டிமீட்டர், அடிப்பகுதி அகலம், மெல்லிய சுவருள்ள குடல், அதுவும் சொருகிச் சொருகி வீங்கிய குடல். துளை விழும் ஆபத்து அதிகம். கூடவே, அது ஜிஸ்ட் வகைக் கட்டியாக (குடல் சுவரில் வரும், பரவக்கூடிய ஒரு கட்டி) இருந்தால் முழுதாக, உடையாமல் எடுப்பதுதான் சிகிச்சையே. இதைத் தாளில் குடலை வரைந்து காட்டிச் சொன்னேன். சரி என்றார்.

அறுவை அரங்கில்

முதலில் லேப்ராஸ்கோப் வழியாகப் பார்த்தோம். வயிற்றுக் காசநோய் என்றால் உள்சவ்வின் மேல் தினை தூவியதுபோல வெண்புள்ளிகள் இருக்கலாம், குடல்கள் ஒட்டிக் கிடக்கலாம். எதுவும் இல்லை. பிறகு தொப்புளைச் சுற்றி 6 சென்டிமீட்டர் திறந்து, அந்தக் குடல் பகுதியை வெளியே எடுத்தோம். மறுபடி பாதி சொருகித்தான் இருந்தது.

அப்படியே மொத்தமாக வெட்டி எடுப்பதா, பிரித்துவிட்டு வெட்டுவதா? புற்று என்ற சந்தேகம் வலுவாக இருந்தால் பிரிக்கக் கூடாது. இங்கே சந்தேகம் குறைவு. குடலின் நிறமும் நன்றாக இருந்தது. சிறுகுடலின் கடைப்பகுதி பி12 சத்தும் பித்த உப்பும் உறிஞ்சும் இடம். அங்கே ஒவ்வொரு சென்டிமீட்டரும் அவருக்குத் தேவை. அதனால் பிரிப்பது என்று முடிவு செய்தோம். இழுக்கவில்லை. கீழ்ப்பக்கத்திலிருந்து விரல்களால் மெல்லப் பிதுக்கிக்கொண்டே வந்தோம். வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. கன்றியிருந்த பகுதியில் வெதுவெதுப்பான உப்புநீர்த் துணியைச் சுற்றிவிட்டுப் 10 நிமிடம் காத்திருந்தோம். இளஞ்சிவப்பு திரும்பியது. கட்டி இருந்த 15 சென்டிமீட்டரை மட்டும் வெட்டி, முனைகளைக் கையால் தைத்து இணைத்தோம். பெருங்குடல் சேரும் இடத்துக்கு முன்னால் 70 சென்டிமீட்டர் மிச்சம் இருந்தது. சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை விரலுக்கு நடுவே விட்டுப் பார்த்தோம். வேறு கட்டி இல்லை. இரண்டு நெறிகளைத் தனியாக எடுத்தோம், ஒன்று நோயியலுக்கு, ஒன்று காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனைக்கு.

பக்க மேசையில் குடலைப் பிளந்தபோது, வழுவழுப்பாக, வெளிறிய சாம்பல் நிறத்தில் கட்டி தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அதன் உச்சியில் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குப் புண். 11 மாதமாக ரத்தம் போன வழி அதுதான். காசநோயில் காணும் தயிர்க்கட்டிபோன்ற சிதைவு எங்கும் இல்லை.

வழக்கப்படி தட்டில் வைத்து வெளியே கொண்டுபோய்க் கணவரிடம் காட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "கேன்சரா டாக்டர்?" என்று மட்டும் கேட்டார். "பார்த்தா அப்படித் தெரியல. ஆனா ரிப்போர்ட் வராம நான் உறுதியா சொல்லக் கூடாதுங்க" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார், நம்பிய மாதிரி இல்லை.

19 நாள்

முதல் அறிக்கை ஆறாவது நாள் வந்தது. "கதிர்வடிவ செல்களாலான கட்டி; ஜிஸ்ட் இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும்" என்று இருந்தது. அந்தத் தாளை மகன் போனில் படம் எடுத்துத் தேடிப் பார்த்துவிட்டார். ஜிஸ்ட் என்று போட்டால் என்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை. வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்று பிறகு தெரிந்தது. அறிக்கையைக் கையில் கொடுத்த அன்றே, அதில் எழுதியிருப்பது ஒரு கேள்வி, இன்னும் பதில் வரவில்லை என்று நாங்கள் உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

மாதிரியை மருத்துவக் கல்லூரி ஆய்வகத்துக்கு அனுப்பினோம். 19ஆவது நாள் பதில் வந்தது. கட்டியின் செல்கள் எந்த வகை என்று காட்டும் சாயச் சோதனைகளில் சிடி34 நேர்மறை. சிடி117, டிஓஜி1, எஸ்100, டெஸ்மின், ஆல்க் எல்லாம் எதிர்மறை. ரத்தக் குழாய்களைச் சுற்றிச் செல்கள் வளையம் வளையமாக அடுக்கியிருந்தன. நடுவே ஏராளமான ஈசினோஃபில்கள் (ஒரு வகை வெள்ளையணு). முடிவு: இன்ஃப்ளமேட்டரி ஃபைப்ராய்டு பாலிப். தீங்கற்றது. வெட்டிய ஓரங்களில் கட்டி இல்லை. நெறிகளில் காசநோய் இல்லை, சிபிநாட்டும் எதிர்மறை.

இந்தக் கட்டியை வானெக் என்ற நோயியலாளர் 1949இல் இரைப்பையில் கண்டு விவரித்தார். இப்போதுள்ள பெயரை 1953இல் ஹெல்விக்கும் ரேனியரும் வைத்தார்கள். பெரும்பாலும் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் வரும், அடுத்தபடியாகச் சிறுகுடலின் கடைப்பகுதியில். இரைப்பையில் இருந்தால் எண்டோஸ்கோப்பியில் தற்செயலாகத் தெரியும். சிறுகுடலில் இருந்தால் பெரும்பாலும் சொருகல் வந்தால்தான் தெரியும். ஈசினோஃபில் நிறைந்திருப்பதால் பூச்சியோ ஒவ்வாமையோ காரணமாக இருக்கும் என்று நெடுங்காலம் நினைத்தார்கள். 2008இல் பிடிஜிஎஃப்ஆர்ஏ என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது தெரிந்த பிறகுதான் இது உண்மையான கட்டிதான், வெறும் அழற்சி வீக்கம் இல்லை என்பது உறுதியானது. ஜிஸ்ட் கட்டிகளில் ஒரு பகுதியிலும் அதே மரபணு மாறியிருக்கும். ஆனாலும் இது பரவாது. முழுதாக எடுத்துவிட்டால் திரும்பி வருவதும் மிக மிக அரிது.

ஜிஸ்டா இதுவா என்பதை உறுதி செய்யாமல் விட்டிருந்தால், அந்த அம்மா வருடக்கணக்கில் சி.டி. எடுத்துக்கொண்டும், தேவையே இல்லாத மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டும் இருந்திருக்கலாம். அந்த 19 நாள் வீண் இல்லை.

"இது எனக்கும் வருமா?" என்று மகள் கேட்டார். இங்கிலாந்தின் டெவான் பகுதியில் ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறைப் பெண்களுக்கு இந்தக் கட்டிகள் வந்தது 1984இல் பதிவாகியிருக்கிறது. அவர்களுக்குப் பல கட்டிகள், திரும்பத் திரும்ப. இவருக்கு ஒரே கட்டி, குடும்பத்தில் வேறு யாருக்கும் குடல் அறுவை நடந்ததில்லை. அதனால் மகளுக்குச் சோதனை எதுவும் வேண்டாம் என்று சொன்னோம்.

வீடு திரும்பிய பின்

ஏழாவது நாள் வீட்டுக்குப் போனார். காசநோய் மருந்தை முழுதாக நிறுத்தினோம். காசநோய்ப் பதிவேட்டிலும் நோயறிதலைத் திருத்தச் சொல்லிக் கடிதம் கொடுத்தோம். வேலையிடத்தில் காட்ட ஒரு சான்றும் கேட்டார், கொடுத்தோம். இரும்புச்சத்து மாத்திரையோடு நாலாவது மாதம் ஹீமோகுளோபின் 12.1. எடை 5 கிலோ கூடியிருந்தது. பி12 அளவு இயல்பு.

ஆறாவது மாதத்தில் ஒரு மருத்துவ முகாமுக்குப் போனபோது எங்கள் டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டியிருக்கிறார். "ஃபைப்ராய்டு" என்ற சொல்லைப் பார்த்து, கர்ப்பப்பைக் கட்டி என்று நினைத்து ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுபடி கட்டி வந்துவிட்டது என்று நினைத்து அன்றிரவு முழுக்கத் தூங்காமல், காலையில் எங்களிடம் வந்து நின்றார். எங்கள் சீட்டை வாங்கிப் பார்த்தேன். நோயின் பெயர் ஆங்கிலத்தில் மூன்று சொல், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ஒரு வருடத்தில் ஒருமுறை ஸ்கேன் பார்த்தோம். மருத்துவ ரீதியாகத் தேவையில்லைதான், அவர் மனம் ஆற வேண்டும் என்பதற்காகச் செய்தோம். இன்றுவரை வலி வரவில்லை.

இப்போது மாற்றிக்கொண்டவை

விட்டுவிட்டு வரும் வயிற்று வலியோடு ரத்தசோகையும் இருப்பவருக்கு, வலி இல்லாத நாளில் எடுத்த ஸ்கேனை "நோய் இல்லை" என்பதற்குச் சாட்சியாக நாங்கள் இப்போது எடுத்துக்கொள்வதில்லை. சிறுகுடலைப் பார்க்க வேண்டும் என்றால், அடைப்பு இல்லாதவருக்கு மானிட்டால் கரைசல் குடிக்க வைத்துக் குடலை விரித்து சி.டி. எடுக்கிறோம். திசு கிடைக்கும் வாய்ப்பு இருக்கும்வரை குடல் காசநோய் மருந்தை ஊகத்தில் தொடங்குவதில்லை. வேறு வழியில்லாமல் தொடங்கினால், 8 வாரத்தில் திரும்பப் பார்க்கும் நாளை அன்றே குறித்துவிடுகிறோம். வலி நேரத்தில் வயிற்றைத் தொட்டுப் பார்த்தவர் வீட்டில் யாராவது உண்டா என்றும் கேட்கிறோம்.

இந்த அம்மாவுக்கு எழுதிக் கொடுத்த தமிழ்த் தாளின் நகல் எங்கள் வார்டில் இருக்கிறது. "குடலில் இருந்த கட்டி. புற்றுநோய் அல்ல. காசநோய் அல்ல. கர்ப்பப்பையோடு தொடர்பில்லை. முழுதாக எடுக்கப்பட்டுவிட்டது" என்று ஐந்து வரி. அறுவை முடிந்து போகும் எல்லோருக்கும் இப்படி ஒரு தாள் அவரவர் நோய்க்கு ஏற்ப எழுதுகிறோம். பயிற்சி மருத்துவர் அன்று சீட்டின் பின்பக்கம் எழுதிய வரியை ரப்பர் முத்திரையாகச் செய்து வெளிநோயாளர் மேசையில் வைத்திருக்கிறோம். வலியோடு வருபவரை வரிசையில் நிறுத்தாமல் ஸ்கேன் அறைக்கு அனுப்ப அந்த முத்திரை போதும் என்று காவலாளியிடமும் சொல்லி வைத்திருக்கிறோம்.